பெருநான்கெல்லை

படிவத்தின் மூன்றாம் பக்கம் கேட்கிறது:
பறிபோன நிலத்தின் நான்கு எல்லைகள் எவை?
டர்பனில் டிசம்பர். தலைக்குமேல் விசிறி சுற்றுகிறது,
பேனா நகரவில்லை.
தெருப்பெயர், கதவு எண் எழுத வேண்டுமாம்.
தெருவே இல்லை, ஐயா.
அறுபத்தைந்தில் வந்த மண்வாரி
அதைப் பாயாய்ச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.
கோயிலைத் தொடச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள்.
அடுப்படியைத் தொட இருந்தது.

காஞ்சிக்கு ஒருமுறை போனேன்,
பதினாலு நாள் சுற்றுலாவில் ஒன்றரை நாள்.
கோயிலைச் சுற்றித் தெரு,
தெருவைச் சுற்றி இன்னொரு தெரு,
தேர் திரும்புவதற்கென்றே அகன்று கொடுக்கும் மூலை,
சன்னல்தோறும் தறிச்சத்தம்.
ஒற்றை மாமரத்தின் பெயரில் ஒரு சாமி,
சாமியின் பெயரில் பாதி ஊர்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் கேட்டோ மேனரில்
இதையேதான் தலைகீழாகச் செய்தார்கள்:
ஊரை உருவிவிட்டுக் கோயிலை நிறுத்தினார்கள்.
ஈஸ்டர் விடுமுறைக்கு சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து
இடுப்பளவுப் புல்லைச் சுற்றித் தேர் இழுக்கிறோம்.
யாரும் வாசலில் நின்று கும்பிடுவதில்லை,
வாசல் இல்லாததால்.

மதிலோரம் ஒரு பெண்
ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித்
தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தாள். யாழரசி என்றாள்,
கல்வெட்டு படிக்கிறாளாம்.
மன்னர் கதையா என்றேன்.
“முதல் நாலு வரிதான் மன்னர். மிச்சமெல்லாம் நிலம் அக்கா.”
விரல் வைத்து வாசித்தாள்:
கீழ்பாற்கெல்லை வாய்க்காலுக்கு மேற்கு.
மேல்பாற்கெல்லை மாமரத்துக்குக் கிழக்கு.
இவ்விசைத்த பெருநான்கெல்லைக்கு உட்பட்ட நிலம்
உண்ணிலம் ஒழிவின்றி,
சந்திரரும் சூரியரும் உள்ளவரை.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்
என் படிவத்தை யாரோ நிரப்பி வைத்திருக்கிறான்!
உளி பிடித்த அந்தக் கையை
நினைத்து நினைத்து மகிழ்ந்தேன்,
அடுத்த வரி வரும்வரை.

குடி நீக்கி.

“அப்படின்னா?”
“முன்னாடி இருந்தவங்களை எழுப்பி அனுப்பிட்டு.”
தூரிகை நிற்கவில்லை. டப், டப், டப்.
“எங்கே போனாங்க?”
“அது கல்லுல இல்லக்கா.”

நேற்று கொடிமரத்தடியில் செருப்பைக் கழற்றி
அங்கிருந்து நடந்தேன், எண்ணிக்கொண்டே.
அப்பா சின்னய்யா படையாச்சி
கத்தரிக்காய்க் கூடையோடு சந்தைக்கு நடந்த தடத்தைத்
திருப்பிப் போட்டு.
இருநூற்றுப் பன்னிரண்டாம் அடியில் ஓடை,
உம்கும்பான், இன்னும் அதே சோப்பு நுரையோடு.
முந்நூற்று நாற்பதில்
எங்கள் மாமரம்.

அதன் ஒரு கிளையில் கயிறு,
கயிற்றில் பள்ளிச் சீருடைகள் மூன்று.
மற்றக் கிளையடியில் தகர வீடு.
தண்டேகா வெளியே வந்தாள்,
கையில் ஈரம், கண்ணில் கேள்வி.
படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் திணித்தேன்
களவாணி போல.

அவள் அம்மாவும் இந்தச் சரிவில்தான் பிறந்தாளாம்.
எங்களுக்கும் முந்தி ஒரு லாரி
அவர்களைக் குவாமாஷுவுக்கு அள்ளிப் போனது.
மரம் யார் வைத்தது என்று கேட்டாள்.
எனக்குத் தெரியாது.
நாங்கள் வந்தபோதே காய்த்துக்கொண்டிருந்தது
என்று அப்பா சொல்வார்.
இருவரும் அந்த வாக்கியத்துக்கடியில்
கொஞ்ச நேரம் நின்றோம்.
பிறகு, பிளாஸ்டிக் பையில் ஆறு பழம் கொடுத்தாள்,
இரண்டில் அணில் கடித்ததுபோல் ஏதோ தடம்.

முப்பத்தொன்று கடைசி நாள்.
விசிறிக்கடியில் எழுதுகிறேன்:
கிழக்கே ஓடை. மேற்கே மாமரம்.
வடக்கே கொடிமரத்து நிழல், காலையில் மட்டும்.
தெற்கே தண்டேகாவின் துணிக்கயிறு.

ஐந்தாம் பக்கம்:
தற்போது குடியிருப்போர் விவரம்.
அவள் பெயரைத் தமிழில் எழுதி,
அடித்து,
அவர்கள் வாசிக்கும் எழுத்தில் எழுதி,
அதற்கு அடுத்த கேள்வியில்,
அகற்றக் கோருகிறீர்களா,
மாம்பழச் சாறு ஒரு சொட்டு விழுந்து
பரவிக்கொண்டிருக்கிறது.
துடைக்கத் தாள் தேடுகிறேன்.